மறு: பெட்டலூராவுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

> "பேருருவத் தும்பி" என்று வைத்துவிடலாமே. முதலில் கண்ணில் படுவது அளவுதானே?

படுவது சரிதான். பெட்டலூரா ஆஸ்திரேலியாவில் வாழும் பெரிய தட்டான்களின் பேரினம். அதில் பெட்டலூரா ஜைஜான்டியா என்ற இனத்தின் பெண் இறக்கை விரித்தால் 12.5 செ.மீ. வரை வரும். ஆனால் குயின்ஸ்லாந்தில் இதன் பங்காளி ஒன்று, பெட்டலூரா இஞ்சென்டிசிமா, இதைவிடப் பெரியது. சின்னதுக்குப் பேருருவம் என்று கொடுத்துவிட்டு அதற்கு என்ன செய்வோம்?

தும்பியும் வேண்டாம். சங்கப் பாட்டில் தும்பி வண்டினம். தட்டான் என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

அடையாளம் காண அளவைவிடக் கண் உதவும். பெரிய தட்டான்கள் பலவற்றில் இரண்டு கூட்டுக்கண்ணும் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நடுவே நல்ல இடைவெளி. இறக்கை நுனிப் பக்கத்துப் பொட்டு கோடுபோல நீண்டிருக்கும். ஆணின் வால்நுனியில் பற்றுறுப்புகள் இலைபோல அகன்றிருக்கும். பெட்டலூரா என்ற கிரேக்கப் பெயரும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே பேரினத்துக்கு "இதழ்வால் தட்டான்" என்பது என் முன்மொழிவு.

> "வளைத்தட்டான்" எப்படி?

ஆசையாகத்தான் இருக்கிறது! நியூ சவுத் வேல்ஸின் ஊற்றுநீர்ச் சதுப்புகளில், அங்குள்ள புளூ மவுண்டன்ஸ் மலைப் பகுதியிலும், ஜைஜான்டியாவின் இளவுயிரி ஈரமண்ணில் நண்டுபோல வளை தோண்டி ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். வளையின் அடியில் நிலத்தடி நீர் நிற்கும். இரவில் வாய்ப்பக்கம் வந்து இரை பிடிக்கும், சில நேரம் வெளியேயும் இறங்கும். நீர்மட்டம் கீழே போனால் வளை காய்ந்துவிடும். அந்த மாநிலத்தில் இதை அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். சதுப்புக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது இதற்குப் பெரிய வினை.

ஆனால் குடும்பம் முழுவதும் வளை தோண்டுவதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கத் தட்டான் டாக்கோப்டெரிக்ஸ் தோரேயியின் இளவுயிரி கசிவுநீர் ஊறும் சரிவில் இலைச்சருகுக்கு அடியில் வளர்கிறது. வளையை இளவுயிரிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: "வளைவாழ் இளவுயிரி".

> பெண்ணிடம் அந்த இதழ் இல்லையே, ஐயா?

இல்லைதான். தோகை இல்லாத பெண்ணையும் மயில் என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம், இந்தச் சதுப்புகளில் செடிகள் அரைகுறையாக மக்கிச் சேரும் பீட் மண்ணுக்கு "முற்றா நிலக்கரி" என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் எரிபொருள்தான் நினைவுக்கு வருகிறது. சதுப்பைப் பற்றிய பதிவில் "மக்குமண்" போடலாமா? மண்ணியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை அந்தப் பதிவில் பீட் வரும் பத்தியைத் தொடவில்லை.