பிள்ளை நித்திரையா, மருந்து மயக்கமா?

கொக்குவில் தாய்:
மாமி இரவில் டயசிபாம் என்ற நித்திரைக் குளிசை போடுகிறார். கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறை தலையணைக்குக் கீழேதான் கிடக்கும். மகனுக்கு இரண்டு வயது. கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறான். தற்செயலாக விழுங்கிவிட்டால், மத்தியான நித்திரை எது, மருந்து மயக்கம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற தாதி, சுன்னாகம்:
தங்கச்சி, முதலில் நடையைப் பாருங்கள். சிறுவர் விடுதியில் ஒரு பிள்ளையைக் கண்டேன். கண் நன்றாக விழித்திருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்து நின்றவள், கையை விட்டதும் பக்கமாகச் சரிந்தாள். தாயின் சங்கிலியைப் பிடிக்கப்போன கை வெறும் காற்றைப் பிடித்தது. காய்ச்சல் இல்லை, விழுந்து அடிபடவும் இல்லை. அம்மம்மாவின் குளிசை உறை வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

பிறகு பேச்சுக் குழறும், உடல் துவளும். நித்திரைப் பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டினால் சிணுங்கிக் காலை இழுக்கும். மருந்தில் மயங்கிய பிள்ளையை எழுப்புவது கடினம். எழும்பினாலும் உடனே சாய்ந்துவிடும். மூச்சு மந்தமானாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. வரும்வரை பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தி, மூச்சைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மயங்கிய பிள்ளையின் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் கோப்பியும் வேண்டாம். “படுத்து எழும்பட்டும், பார்ப்போம்” என்று சொல்பவர் யாராயிருந்தாலும் கேட்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே ஆஸ்பத்திரிக்குப் போகப் போதும்.

மருந்தாளர், மானிப்பாய்:
மாமிக்கு நீரிழிவும் உண்டா? கிளிக்கிளசைட் போன்ற குளிசை ஒன்றே சின்னப் பிள்ளையின் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடும். மயக்கம், வலிப்பு எல்லாம் பல மணித்தியாலம் கழித்தும் வரலாம். ஆகவே வீட்டிலுள்ள எல்லா உறைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். தடிமன் மருந்து அளவு மீறினால் சில பிள்ளைகள் மயங்காமல் முகம் சிவந்து, அமைதியின்றித் துள்ளுவார்கள். அதைக் குழப்படி என்று விட்டுவிடாதீர்கள்.

கொக்குவில் தாய்:
சீனிக் குளிசையும் உண்டு, அதே மாதிரி உறையில்! இன்றே இரண்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். இனி மாமிக்கு நானே எடுத்துக் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற தாதி, சுன்னாகம்:
நல்லது. கொடுக்கும்போதெல்லாம் மிச்சம் எத்தனை என்று உறையின் மேல் எழுதுங்கள். எந்த மருந்து, எத்தனை, எத்தனை மணிக்கு என்றுதான் வைத்தியர் முதலில் கேட்பார்.