ஊட்டிக் குளிரில் காலை நடை நின்றுபோச்சு, யோசனை சொல்லுங்கள்

வயது 44, ஊட்டியில் வீடு. ஜூன் முதல் நவம்பர் வரை, மழையில்கூடக் குடை பிடித்துக்கொண்டு, தினமும் காலை 6.30-க்கு 4 கிலோமீட்டர் நடந்தேன். டிசம்பரில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்ததும் நின்றுவிட்டது. இன்றோடு மூன்று வாரம்.

அலாரத்தை அடுத்த அறையில் வைத்தேன். அணைத்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்கிறேன். ஸ்வெட்டரோடு தூங்கிப் பார்த்தேன், இன்னும் சுகமாகத் தூக்கம் வந்ததுதான் மிச்சம். துணைக்குச் சேர்த்த நண்பர் எனக்கு முன்பே கம்பளிக்குள் போய்விட்டார். சரி, மாலையில் போகலாம் என்றால் கடையை மூடவே ஏழாகிறது. இருட்டில் எங்கள் தெருவில் காட்டுமாடு நிற்கும். வீட்டுக்குள் ஸ்கிப்பிங் செய்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். போன வருடமும் இதே கதைதான், பிப்ரவரிக்குள் 3 கிலோ ஏறியது.

குளிர் ஊரில் இருப்பவர்களே, பனிக்காலத்தில் வீட்டுக்குள் சத்தமில்லாமல் என்ன பயிற்சி, எந்த நேரத்தில் விடாமல் செய்கிறீர்கள்?