ஒன்றரை ஷிப்டா, இரண்டு ஷிப்டா? சம்பளத்தை வைத்து வீட்டில் நடந்த சண்டைகள்

சென்னை, மென்பொருள் ஊழியர்

கம்பெனி மாறப்போகிறேன் என்று வாயெடுத்தாலே வீட்டில் சண்டை வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் வீட்டுக் கதையைச் சொல்லி ஆரம்பிக்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

அப்பா வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து அதே துறையில் ஓய்வு பெற்றவர். நான் பேப்பர் போட்டுவிட்டேன் என்று சொன்ன அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க உன்ன யாராவது ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?" சம்பளம் கூட வருகிறது என்பதற்காக மட்டும் ஒருவன் வேலையை விடுவான் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

புது ஆஃபர் லெட்டரை பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். ஆண்டுக்கு 6 லட்சம், மாதம் 50,000 என்று நான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேலை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் நகர்த்திக்கொண்டே போனார். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 1,800, இந்த 50,000-க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, ஒதுக்கும் 1,200 சொச்சமும் அடக்கம். 'வேரியபிள்', அதாவது வந்தாலும் வரும், வராமலும் போகும் என்கிற பங்கு, பத்து சதவீதம், மாதக் கணக்கில் 5,000. என் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. அப்புறம் இன்ஷூரன்ஸ், தொழில் வரி. எல்லாம் கழித்து ஓரத்தில் 39,500 என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"மீதி பத்தாயிரத்தை உனக்குக் குடுத்ததா காட்டிருக்காங்க, ஆனா குடுக்கல. கிராஜுவிட்டி அஞ்சு வருஷம் இருந்தாத்தான வரும், நீ எங்க அஞ்சு வருஷம் இருந்திருக்க?" 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் அவருக்கு மனப்பாடம். கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுப்பது வரை சொல்வார். அதுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அவர் அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஒரே இடத்துல இருந்திருந்தா கடைசி காலத்துல பென்ஷனாவது வரும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் வாங்கும் பென்ஷனை 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே நிறுத்தி, ஊழியரும் சம்பளத்தில் பணம் கட்டுகிற பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் என்.பி.எஸ். என்று அதேபோல ஒரு திட்டம். தனியாரில் இருக்கிற எனக்கு இ.பி.எஸ். என்கிற பி.எஃப். பென்ஷன் மட்டும்தான், அதில் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 உச்சவரம்பு. முப்பது வருஷம் வேலை பார்த்தால், சலுகையாக இரண்டு வருஷம் சேர்த்து, 15,000 பெருக்கல் 32 வகுத்தல் 70. மாதம் 6,857 ரூபாய். கம்பெனி மாறினாலும் அது தொடரும், மாறாவிட்டாலும் அவ்வளவுதான். பிறகு எதற்காக ஒரே இடத்தில் இருக்க வேண்டும்?

அப்பா கால்குலேட்டரை வாங்கி அதை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். "அப்ப குரூப் டூ எழுது" என்றார். இப்போது சண்டை அதைப் பற்றி ஓடுகிறது.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்

தம்பி, உங்கள் அப்பா பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன். ஏதோ நாங்கள் பத்து வேலையைப் பார்த்து அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்த மாதிரி இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுகிறீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்து, சீனியாரிட்டி எப்போது வரும் என்று காத்திருந்தோம். கார்டு வந்தது, போனோம். எந்தத் துறை என்பதைக்கூட அந்தக் கடிதத்தைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் அரசு வேலையில் யாரும் கை வைக்க முடியாது என்பார்கள். 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தோம். எஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைப் போட்டு, கிட்டத்தட்ட 1,70,000 பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று சொன்னது. மன்னிப்புக் கேட்டு, இனி ஈடுபட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தபின் திரும்பச் சேர்த்தார்கள். அந்த நாட்களில் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது மகனுக்குத் தெரியாது. சின்னப் பையன், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

அப்படி இருந்தும் கவர்மென்ட் வேலைதான் நிச்சயம் என்று சொல்லித்தான் அவனை வளர்த்தேன். அவன் கேட்கவில்லை, தனியாருக்குப் போனான். 2020-இல் அவன் ஆபீசில் ஒரு வீடியோ காலில் கூப்பிட்டு வைத்து ஒரு டீமையே அனுப்பினார்கள். என்னை எழுதி வாங்கிக்கொண்டாவது திரும்பக் கூப்பிட்டார்கள், அவர்களை யாரும் கூப்பிடவில்லை. இதைச் சொன்னால் "உங்களுக்கு அரசாங்கத்து மேல பாசம் விடாதுப்பா" என்கிறான்.

மதுரை, தேர்வுக்குப் படிப்பவர்

எங்கள் வீட்டில் நேர்மாறு. நான் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன், அப்பா வேண்டாம் என்கிறார். டூவீலர் மெக்கானிக், சொந்த ஒர்க்‌ஷாப். 2024 குரூப் 4-க்கு முதலில் 6,244 இடம் என்று அறிவித்தார்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம். பேப்பரில் அந்தச் செய்தியை ஸ்பேனரால் தட்டித் தட்டிக் காட்டினார்: "முந்நூறு பேருக்கு ஒருத்தன்டா. நம்ம தெருவுல மொத்தம் எத்தன பேரு இருக்கான்?" கணக்கு சரிதான். பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வுக்கு எனக்குப் பக்கத்து இருக்கையில் எம்.இ. முடித்தவர் உட்கார்ந்து எழுதினார்.

இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-இல் ஆரம்பம், அகவிலைப்படி தனி. அப்பா ஒரு நல்ல மாதத்தில் அதைவிடக் கூடவே எடுக்கிறார். "நான் எடுக்குறதுல பாதிக்கு நீ எதுக்குடா ராப்பகலா படிக்கிற?" என்பார். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பொண்ணோட அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார் என்றதும் "கலந்து பேசிட்டுக் கூப்பிடுறோம்" என்று போனை வைத்தவர்களை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் என்னோடு உட்கார்ந்து படிக்கிற பலருக்கும் இதுபோல ஒரு போன் கால் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் வராத காரணம் என்பதால் வீட்டில் விளக்க முடிவதில்லை.

கோவை, உணவு டெலிவரி

சுருக்கமாக. அப்பா ஆட்டோ ஓட்டுநர், ரொம்ப வருஷமாகச் சங்கத்தில் இருப்பவர். "சவாரி புடிக்கலைன்னா வரலீங்கனு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். உனக்கு மொதலாளி யாருன்னே தெரியல, அப்புறம் எப்படி சண்டை போடுவ?" என்பார். சங்கத்தில் சேரச் சொல்கிறார். சேர்ந்தது தெரிந்தால் ஐடியை பிளாக் பண்ணிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். 2023 கடைசியில் நம்மைப் போன்றவர்களுக்கு அரசு நல வாரியம் அமைத்தது, அதில் பதிவு செய்ததும் அப்பா நச்சரித்ததால்தான். மற்றபடி அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

திருநெல்வேலி

சித்தப்பா ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாகவே இருந்து ஓய்ந்தவர். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நின்றே வேலை. கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிப் புடைத்து நிற்கும், வேட்டியை ஏற்றிக் கட்டவே மாட்டார்.

2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். என் தங்கை வேலைக்குச் சேர்ந்த கடையில் ஸ்டூல் போட்டார்கள், ஆனால் யாரும் உட்காரவில்லை. இவள்தான் முதலில் உட்கார்ந்தாள். அதைக் கேள்விப்பட்டு முதலாளியைவிட அதிகமாகக் கோபப்பட்டவர் சித்தப்பா. "வந்தவங்க நிக்கும்போது நீ உக்காந்திருந்தா என்ன மரியாதட்டி?" என்று ஒரே சத்தம். அவள் அவர் காலைக் காட்டி ஏதோ சொல்ல, பேச்சு அறுந்துபோனது. எனக்கென்னவோ சித்தப்பாவுக்கு அந்த ஸ்டூல் மேல் கோபம் இல்லை, அது இவ்வளவு வருஷம் கழித்து வந்ததில்தான் என்று படுகிறது. ஆனால் அதை அவரிடம் கேட்கிற தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

திருப்பூர், தையல்

தஞ்சாவூர் ஐயாவைத் தவிர எல்லோரும் பிள்ளைகள் பக்கமிருந்தே எழுதியிருக்கிறீர்கள், நான் அம்மா. சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓவர்லாக் டைலர். எங்களுக்கு ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு ஏறினால் சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட். அப்புறமும் நான்கு மணி நேரம் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். எந்த நாள் ஒன்று, எந்த நாள் ஒன்றரை என்று ஒரு குட்டி நோட்டில் குறித்து வைப்பேன், இல்லையென்றால் கான்ட்ராக்டர் குறைத்துப் போட்டுவிடுவார்.

மகள் பி.காம். முடித்துவிட்டு ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைம் ஆபீசில் இருக்கிறாள். ஆள் வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு எல்லாம் அவள் கையில். ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். நான் ஒன்பதரை பத்துக்கு வருவேன். "சாயங்காலம் சும்மாதான கண்ணு இருக்கற, எங்க யூனிட்டுல செக்கிங்குக்கு வந்தா அரை ஷிப்டாச்சும் கிடைக்குமே" என்று சொன்னதில்தான் ஆரம்பித்தது.

அவள் என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒன்றரை, ஒன்றரை, ஒன்று, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை என்று இருந்தது. "ஏம்மா, இந்த அரை எப்படி அரையாச்சு?" என்றாள். எனக்குப் புரியவில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, நான்கு மணி நேரத்துக்கு அரை, இதில் என்ன இருக்கிறது? அவள் சொன்னாள்: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரம் கூட இருந்தால் எட்டு மணி நேரத்துக் கூலி, அதாவது முழுசாக இன்னொரு ஷிப்ட். ஒன்றரை என்று எழுதிய இடத்திலெல்லாம் இரண்டு இருக்க வேண்டும்.

ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், என் நோட்டுப்படி எட்டரை ஷிப்ட், 4,250. அவள் கணக்குப்படி பதினொரு ஷிப்ட், 5,500. வாரத்துக்கு 1,250 வித்தியாசம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இதே கணக்கில்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், என் மாமியாரும் இதே கணக்கில்தான் வாங்கினார். ஒன்றரை கிடைக்கிற யூனிட் நல்ல யூனிட் என்று நானே நாலு பேரைக் கூட்டி வந்து சேர்த்திருக்கிறேன்.

ஆனால் அவள் பேசுகிற விதம்தான் எனக்கு ஆகாது. "நீங்கெல்லாம் ஒத்துக்கிட்டதுனாலதான் இப்படி ஆச்சு" என்றாள். நான் ஒத்துக்கொண்ட அந்த அரை ஷிப்டில்தான் அவள் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். அதைச் சொன்னால் "அதையே எத்தனை தடவை சொல்லுவீங்க" என்கிறாள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேறி, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்களே, அப்போது டிவி முன்னால் உட்கார்ந்து அவள் கொதித்தாள். "நாங்க எப்பவோ இருந்து பன்னண்டு மணி நேரம்தான பாக்கறோம், இதுக்கு எதுக்கு தனியா சட்டம்?" என்று நான் கேட்டதும் எழுந்து போய்விட்டாள். நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

சென்னை, மென்பொருள் ஊழியர்

அக்கா, அப்புறம் கான்ட்ராக்டரிடம் இரட்டைச் சம்பளம் கேட்டீர்களா?

திருப்பூர், தையல்

கேட்டேன் தம்பி. டீ டைமில், கூட இரண்டு பேரை வைத்துக்கொண்டு. அவரும் ஒரு காலத்தில் எங்களோடு மெஷினில் உட்கார்ந்திருந்தவர்தான், கோபப்படவில்லை. "அக்கா, பேசாம பீஸ் ரேட்டுக்கு மாறிக்கங்க, இந்தக் கணக்கே வராது" என்றார். பீஸ் ரேட் என்றால் தைக்கிற உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் சொன்னால், பீஸ் ரேட்டுக்கும் மிகை நேரத்துக்கு இரட்டைதான், முந்தின மாதச் சராசரியை வைத்துப் போட வேண்டும் என்று மகள் அதற்கும் ஒரு சட்டப் பிரிவு வைத்திருக்கிறாள். அதையும் போய்ச் சொன்னால் திங்கட்கிழமை என் மெஷினில் வேறு ஆள் இருக்கும்.

பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற கம்பெனிக்காரர்களின் சோதனை, நடக்கிற கம்பெனி என்பதால் அவள் இருக்கிற இடத்தில் இரட்டை சரியாகப் போடுகிறார்களாம். அங்கே தையலுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன். எடுக்கிறார்கள், ஆனால் 45 வயதுக்கு மேல் எடுப்பதில்லையாம்.