வாஷர் டேங்கில் ஊற்றும் தண்ணீர் ராத்திரியோடு பாதியாகிறது: வீட்டிலேயே சரிசெய்யலாமா?

போரூர்க்காரன்:
வணக்கம். என்னுடையது ஹேட்ச்பேக் கார், கொஞ்சம் பழசு. வைப்பருக்கான வாஷர் டேங்கில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி வைத்தாலும் காலையில் பார்த்தால் இறங்கிவிடுகிறது. இடது முன் சக்கரத்துக்கு முன்னால், பம்பருக்கு அடியில் தரை ஈரமாக இருக்கிறது. லீவரை இழுத்தால் கண்ணாடியில் தண்ணீர் விழுகிறது, ஆனால் பழைய வேகம் இல்லை. ஆற்காடு ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டினால் போதும், புழுதியில் எதிரே ஒன்றும் தெரியாது. அதனால் இதை அப்படியே விடவும் முடியவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டேங்க், மோட்டார், டியூப் எல்லாவற்றையும் செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னதுதான் உறுத்துகிறது. ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர் பிடிக்கத் தெரியும். நானே பார்க்கலாமா?

சண்டே டிரைவர்:
டேங்கில்தான் விரிசல் இருக்கும் ப்ரோ. எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

பழைய ஸ்பானர்:
எம்-சீல் வேண்டாம். வாஷர் டேங்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். எம்-சீல், அரால்டைட், ஃபெவிகுவிக் எதுவும் அதில் சரியாக ஒட்டாது. காய்ந்ததும் பார்க்க நன்றாக இருக்கும், வண்டி நாலு குழியில் இறங்கி ஏறினால் தகடாகக் கழன்று வந்துவிடும். விரிசல்தான் என்றால் சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டலாம், இல்லாவிட்டால் டேங்கை மாற்றலாம். ஆனால் அது விரிசல்தானா என்று இன்னும் தெரியாதே!

போரூர் சார், எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒழுகுவது வாஷர் தண்ணீர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசி தண்ணீர் வழக்கமாக முன் சக்கரத்துக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு நேர் கீழே சொட்டும், நிறமோ வாசனையோ இருக்காது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) என்றால் பச்சை, சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறம் இருக்கும், விரலில் தொட்டால் வழவழக்கும். கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் அது வேறு கதை, உடனே மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

வாஷர்தான் என்றால், அடுத்து ஒன்று கவனியுங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போதே ஒழுகுகிறதா, லீவரை இழுக்கும்போது மட்டும் ஒழுகுகிறதா? நிற்கும்போதே ஒழுகினால் தண்ணீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது? ஓட்டை இருக்கும் உயரம் வரைதான் தண்ணீர் இறங்கும். மோட்டார் டேங்கின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும். முழுக்கக் காலியானால் அந்த ரப்பர் காய்ந்து இறுகியிருக்கிறது, அல்லது மோட்டாரே கசிகிறது. பாதியில் நின்றால் ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அது டேங்கில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, டியூபிலும் இருக்கலாம். மோட்டார் சும்மா இருக்கும்போது அதற்குள் தடுப்பு எதுவும் கிடையாது. அதனால் டேங்கில் எந்த மட்டமோ, மேலே ஏறும் டியூபிலும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். இதைத்தான் பலர் மறந்துவிட்டு நல்ல டேங்கைக் கழற்றி மாற்றுகிறார்கள்.

ஒரு சிட்டிகை கேசரி கலரைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அடியில் பழைய பேப்பரை விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கறையே இடத்தைக் காட்டிவிடும்.

போரூர்க்காரன்:
நன்றி சார். பாதியில்தான் நிற்கிறது! மறுபடி நிரப்பிப் பார்த்தேன், அதே இடம்தான். பேப்பரில் ஆரஞ்சுக் கறை. சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்ற ஜாக்கி போட வேண்டுமா?

பழைய ஸ்பானர்:
வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டவே கூடாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் கை நுழைய இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மறைப்பை பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடித்திருக்கும், நடுவில் உள்ள ஊசியை முதலில் நெம்பி எடுத்தால் கிளிப் உடையாமல் வரும். முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை, முன்பாதியை மடக்கிப் பிடித்தாலே டேங்க் தெரியும்.

போரூர்க்காரன்:
கண்டுபிடித்துவிட்டேன். டேங்கின் அடிப்பாகமும் மோட்டாரும் காய்ந்துதான் இருக்கின்றன. மோட்டாரிலிருந்து மேலே போகிற கறுப்பு டியூபில், வளைகிற இடத்தில், எலி கடித்திருக்கிறது. இரண்டு வரிசைப் பல் தடம் சுத்தமாகத் தெரிகிறது, அதன் கீழே ஆரஞ்சு ஒழுகல். வேகம் குறைந்ததற்கும் இதுதானே காரணம்?

பழைய ஸ்பானர்:
பாதிக் காரணம் அது. லீவரை இழுக்கும்போது பாதித் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே பீய்ச்சி வெளியே போயிருக்கும்.

கடிபட்ட பகுதியை பிளேடால் நேராக வெட்டி எடுத்துவிடுங்கள். டேப் சுற்றுவது ஒரு வாரம்கூடத் தாங்காது. வெட்டிய துண்டைக் கையோடு கொண்டுபோய் உள் அளவு பார்த்து டியூபும், நேராக இணைக்கும் பிளாஸ்டிக் ஜாயின்ட்டும் வாங்குங்கள். ஜிபி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். அவசரத்துக்கு கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் தொட்டிக்குக் காற்று போகும் டியூப் விற்பார்கள், நிறைய கார்களுக்குப் பொருந்தும். ஆனால் எஞ்சின் சூட்டில் அது இறுகி வெடித்துவிடும், தற்காலிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் ஜாயின்ட்டில் சுலபமாக ஏறும். லைட்டரால் சுட வேண்டாம். ஓடும் பாகங்களில் உரசாமல் கேபிள் டை போட்டுப் பிடியுங்கள், இறுக்கி நசுக்கிவிடாதீர்கள். டேங்க் காலியாக இருக்கும்போது மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள், சூடாகிப் போய்விடும்.

மாடித்தோட்டம்:
எலிக்கு பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைப்பார்கள். எங்கள் அபார்ட்மென்ட் எலிகள் அதற்குப் பக்கத்திலேயே குடும்பம் நடத்தின. குப்பைத் தொட்டி ஓரத்தில் வண்டி நிறுத்துவதை விட்ட பிறகுதான் தொல்லை குறைந்தது.

போரூர்க்காரன்:
டியூப் மாற்றியாயிற்று. மட்டம் அப்படியே நிற்கிறது. ஆனால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் இடது பக்க நாசிலில் மட்டும் இன்னும் நூல்போலத்தான் வருகிறது.

பழைய ஸ்பானர்:
போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? அந்த உப்புதான் நாசிலில் படிந்திருக்கிறது, மீதிப் பாதிக் காரணம் இதுதான். தண்ணீர் ஒற்றைக் கோடாக வரும் நாசில் என்றால் மெல்லிய குண்டூசியால் குத்தலாம். விசிறிபோலப் பரவும் வகையில் ஊசி போடக் கூடாது, உள் அமைப்பு கெட்டுவிடும். அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, சிரிஞ்சால் பின்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வினிகர் பெயின்ட்டில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள். இனி ஆர்ஓ வாட்டர்தான் ஊற்றுங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். வீட்டு ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றலாம், உப்பு கிடையாது. துணி சோப்புத் தூள் போட்டால் நுரையும் படிவும்தான் மிச்சம். சென்னையில் தண்ணீர் உறையப் போவதில்லை, உறையாமல் இருக்கப் போடும் திரவத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஓஎம்ஆர் பயணி:
இதோடு ஒரு சந்தேகம். எனக்கும் டேங்க் காலியாகிறது, ஆனால் தரையில் ஈரமே இல்லை. பின் சீட்டுக்கு மேலே கூரைத் துணி மட்டும் நனைந்திருக்கிறது. மழையே இல்லை.

பழைய ஸ்பானர்:
பின் கண்ணாடிக்குத் தண்ணீர் போகும் டியூப். அதுவும் அதே டேங்கிலிருந்துதான் வருகிறது. பல கார்களில் ஒரே மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் முன்னால் அடிக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்னால். டியூப் கூரை வழியாக வந்து, டிக்கிக் கதவு திறக்கும் இடத்தில் இருக்கும் மடிப்பு ரப்பருக்குள் நுழையும். கதவைத் திறந்து மூடி அங்கே இணைப்பு கழன்றிருக்கும், அல்லது கிழிந்திருக்கும். அந்த ரப்பரை ஒரு முனையில் உருவிப் பாருங்கள். பக்கத்திலேயே ஒயர்களும் ஓடுகின்றன, அதனால் சரிசெய்யும்வரை பின் வாஷரை இயக்க வேண்டாம்.