போர்டோ அடித்தும் காப்பியில் இலைத்துரு நோய் நிற்கவில்லை, ஏன்?

சேர்வராயன்காடு:
ஏற்காட்டில் 2 ஏக்கர் அரேபிகா, சில்வர் ஓக் நிழல். ஆகஸ்டில் 0.5% போர்டோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தாமிர மருந்து) அடித்தாச்சு. 2 வாரம் கழித்து இலையடியில் ஆரஞ்சுப் பொடி. மருந்து சரியில்லையா? சில இலையில் பொடி மேலேயே வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கிறது, அது என்ன?

மிளகுக்கொடி:
மருந்தை விட நாள்தான் தப்பு. துருப் பூஞ்சை இலைத்துளை வழியாகத்தான் உள்ளே போகும், காப்பி இலைக்குத் துளை அடிப்பக்கம் மட்டும். மழையில் ஒரு ராத்திரி ஈரம் நின்றாலே வித்து முளைத்துத் துளைக்குள் இறங்கிவிடும். 22, 23 டிகிரி சூடு அதற்குக் கொண்டாட்டம். உள்ளே போனதும் இலையின் உயிரணுவுக்குள் உறிஞ்சு குழல் விட்டுச் சாப்பிடும். பொடி வெளியே தெரிய மூன்றிலிருந்து ஐந்து வாரம். நீங்கள் பார்ப்பது ஜூலையில் நுழைந்தது. தாமிரம் வாசல் காவல் மட்டும், உள்ளே புகுந்ததைத் தொடாது. முதல் தெளிப்பு தென்மேற்கு மழைக்கு முன், மே கடைசிக்குள். அடுத்தது செப்டம்பர் கடைசியில், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன். தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி இலையடியில் படும்படி அடிங்க. மேலே நீலமாகத் தெரிவதில் பயனில்லை.

நாகலூர்வாசி:
கலவையையும் ஒருமுறை பாருங்க சார். 200 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. துத்தத்தைத் துணியில் கட்டி முதல் ராத்திரியே பிளாஸ்டிக் டிரம்மில் தொங்கவிடணும். இரும்பு வாளி ஆகாது, தாமிரம் அதிலேயே படிந்துவிடும். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்பில் ஊற்றணும், கலக்கிக்கொண்டே. பளபள கத்தியை ஒரு நிமிஷம் முக்குங்க. செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். மூட்டை பிரித்து நாளான சுண்ணாம்பில்தான் இந்தத் தொல்லை: காற்றுப் பட்டு வலுவிழந்திருக்கும். கலக்கிய அன்றே அடிச்சு முடிச்சிடணும், மறுநாள் ஒட்டாது.

மிளகுக்கொடி:
வெள்ளைப் பஞ்சைப் பற்றி: அது துருவைத் தின்னும் இன்னொரு பூஞ்சை, லெக்கானிசிலியம். பச்சைச் செதில் பூச்சியையும் பிடிக்கும். நல்லதுதான், ஆனால் பொடி வந்த பிறகுதான் அது வரும், அதை நம்பித் தெளிப்பைத் தள்ளிப்போடாதீங்க.

சேர்வராயன்காடு:
இப்போ உள்ளே இருப்பதற்கு?

நாகலூர்வாசி:
ஹெக்சகோனசோல் மாதிரி ஊடுருவும் மருந்து, லேபிள் அளவில். பறிப்புக்கு முன் விடவேண்டிய இடைவெளியையும் அதில் பாருங்க. காலியான இடத்தில் துருவைத் தாங்கும் சந்திரகிரி ரகம் நடலாம்.