கம்ப்யூட்டரில் இருந்து ரெக்கார்டருக்குப் படம் கறுப்பு வெள்ளையாகப் போகிறது, அவசரம்

வண்ணை_பையன்:
அண்ணன்களே, அவசரம். கம்ப்யூட்டரில் ஓடும் வீடியோவை ரெக்கார்டரில் ஏற்ற வேண்டும். கனெக்‌ஷன் எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். சத்தம் கணீரென்று வருகிறது, படம் மட்டும் கறுப்பு வெள்ளை. நடுநடுவே மேலே மேலே உருண்டு ஓடுகிறது. நாளைக் காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

பெரம்பூர்_லோகோ:
என்ன ரெக்கார்டர், கேசட்டா டிவிடியா? கம்ப்யூட்டரில் படம் வெளியே வரும் ஓட்டை வி.ஜி.ஏ.வா எச்.டி.எம்.ஐ.யா? நடுவில் ஏதாவது பெட்டி உண்டா? "எல்லாம் சரி" என்றால் நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது?

காசிமேட்டுக்_காற்று:
தம்பி, வண்ணாரப்பேட்டை என்றால் நம் பக்கம்தான். இது உப்புக்காற்று வேலை. என் வீட்டில் மஞ்சள் பின் ஒரே வருஷத்தில் பச்சை பூத்துவிட்டது. அழிரப்பர் வைத்து நன்றாகத் தேய். கலர் தானாக வரும்.

கேட்டில்_நிற்பவன்:
எதற்கு இந்தப் பாடு? பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள் ப்ரோ. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறப்பதற்குள் காப்பி முடிந்துவிடும்.

வண்ணை_பையன்:
மன்னிக்கவும், அவசரத்தில் சொல்லவில்லை. டிவிடி ரெக்கார்டர். லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான், டிஸ்க் போடும் இடமே இல்லை. நடுவில் எச்.டி.எம்.ஐ.யைப் பழைய மூன்று பின்னுக்கு மாற்றித் தரும் ஒரு வெள்ளைப் பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, பர்மா பஜாரில் வாங்கியது. அதில் இருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் ரெக்கார்டருக்குப் போகின்றன. தங்கச்சி நிச்சயதார்த்த வீடியோ, ஒன்றரை மணி நேரம். பழவேற்காட்டில் ஆயா வீட்டில் பழைய டிவிடி பிளேயரும் கூண்டு டிவியும்தான். பிளேயரில் பென்டிரைவ் ஓட்டை இருக்கிறது, ஆனால் இந்த ஃபைலை எடுக்க மாட்டேன் என்கிறது.

கேட்டில்_நிற்பவன்:
பர்மா பஜாரா? அங்கேயே முடிந்தது கதை. ரிச்சி தெருவுக்குப் போயிருக்க வேண்டும்.

ராயபுரம்_பாலம்:
ரிச்சி தெருவில் மட்டும் தங்கத்திலா செய்கிறார்கள்? இரண்டு இடத்திலும் அதே பெட்டிதான், விலைதான் வேறு.

கேட்டில்_நிற்பவன்:
ரிச்சி தெருவில் செருகிக் காட்டித்தான் கொடுப்பார்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கிற தூரம்.

ராயபுரம்_பாலம்:
அதே மெட்ரோவில் மண்ணடியில் இறங்கினால் பஜார் இன்னும் பக்கம். கணக்கு தெரியாமல் பேசக் கூடாது.

பெரம்பூர்_லோகோ:
இரண்டு பேரும் தள்ளிப் போய்ச் சண்டை போடுங்கள். தம்பி, ரெக்கார்டரை விட்டுவிட்டுப் பெட்டியின் மூன்று பின்னையும் நேரே டிவியில் செருகிப் பார். கலர் வருகிறதா?

வண்ணை_பையன்:
வருகிறது அண்ணா! பளிச்சென்று. அப்போ ரெக்கார்டர்தான் போச்சா?

காசிமேட்டுக்_காற்று:
நான் சொன்னேனே, ரெக்கார்டர் பின் ஓட்டையில் உப்பு.

ரீல்_பெட்டி:
காலையில் இருந்து பார்க்கிறேன், ஒருவர்கூட அடிப்படையைக் கேட்கவில்லை. எத்தனை தடவைதான் எழுதுவது? 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியதே பால் (PAL) என்ற டிவி முறையில். ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்கா, ஜப்பான் வைத்திருந்தது என்.டி.எஸ்.சி., 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். கலரைச் சுமந்து வரும் அலை பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 3.58. உங்கள் பெட்டி 3.58-ல் அனுப்புகிறது, ரெக்கார்டர் 4.43-ல் காது வைத்திருக்கிறது. வெளிச்சம் புரிகிறது, கலர் புரியவில்லை. அதனால்தான் கறுப்பு வெள்ளை. வரிக்கணக்கும் ஒத்துவராததால் படம் உருளுகிறது. டிவி பல முறைகளையும் ஏற்கும் வகை, அதனால் பேசாமல் காட்டிவிட்டது. உப்பாம்!

கேட்டில்_நிற்பவன்:
சார், பால் என்றால் காலையில் பாக்கெட்டில் வருவதா?

ரீல்_பெட்டி:
இதற்குத்தான் நான் பதில் எழுதுவதையே குறைத்துக்கொண்டேன்.

பெரம்பூர்_லோகோ:
சார் சொல்வது சரி, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தம்பி, பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், பார்.

வண்ணை_பையன்:
இருக்கிறது அண்ணா. அரிசி அளவுதான், நகம்கூட நுழையவில்லை. எழுத்து பாதி அழிந்து 'என்' மட்டும் தெரிகிறது. தள்ளி இருப்பது அந்தப் பக்கம்தான்.

பெரம்பூர்_லோகோ:
'என்' என்றால் என்.டி.எஸ்.சி. ஊக்கு முனையால் எதிர்ப்பக்கம், பால் பக்கம், தள்ளு. தள்ளிய பிறகு பவர் வயரைப் பிடுங்கி மறுபடி செருகு. ரெக்கார்டரை இரண்டு மணி நேர மோடில் வை. ஒரு மணி நேர மோடில் போட்டால் டிஸ்க் பாதியில் நிரம்பிவிடும், தங்கச்சிக்கு மோதிரம் போடுவதற்குள் படம் முடிந்துவிடும். அப்புறம், ஓடி முடியும்வரை மவுஸைத் தொடாதே. வாட்ஸ்அப்பை மூடிவிடு. இல்லையென்றால் ஆயா வீட்டு டிவியில் உன் மெசேஜ் எல்லாம் ஓடும்.

காசிமேட்டுக்_காற்று:
எதற்கும் பின்னையும் ஒரு தடவை தேய்த்துவிடு தம்பி. கெடுதல் இல்லை.

ராயபுரம்_பாலம்:
பார்த்தீர்களா, பர்மா பஜார் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

கேட்டில்_நிற்பவன்:
ரிச்சி தெருவாக இருந்தால் சுவிட்சைச் சரியான பக்கம் தள்ளியே கொடுத்திருப்பார்கள்.

வண்ணை_பையன்:
கலர் வந்துவிட்டது!!! இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து முழுதும் ஏற்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. பஸ்ஸில் இருக்கிறேன், மீஞ்சூர் தாண்டிவிட்டது.

ரீல்_பெட்டி:
டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்தீர்களா, அதாவது பதிவை மூடி முடித்தீர்களா? செய்யாவிட்டால் உங்கள் ரெக்கார்டரைத் தவிர வேறு பிளேயரில் பெரும்பாலும் ஓடாது.

பெரம்பூர்_லோகோ:
ஐயோ, அதைச் சொல்ல மறந்துவிட்டேனே. தம்பி, ரெக்கார்டர் மெனுவில் டிஸ்க் செட்டிங்கில் இருக்கும். செய்தாயா?

பெரம்பூர்_லோகோ:
தம்பி?