அம்மாவின் மூட்டுத் தேய்மானம்: அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு கேள்வி

அம்மாவுக்கு 63 வயது, எடை 78 கிலோ, சர்க்கரை உண்டு. ஊர் கும்பகோணம் பக்கம். மூன்று வருடமாக வலது முழங்காலில் வலி. 15 வருடம் முன்பு வண்டியிலிருந்து விழுந்து ஜவ்வு கிழிந்த அதே கால்தான்.

காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் கால் மடங்காது. அப்புறம் சரியாகிவிடும். ஆனால் படி இறங்கும்போது உயிர் போகிறது என்கிறார். பேருந்திலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்குகிறார். மடக்கினால் நறநறவென்று சத்தம். சாயங்காலமானால் வீக்கம். கால் லேசாக வெளிப்பக்கம் வளைந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் உள்பக்கம் எலும்பு இடைவெளி குறைந்திருக்கிறது, தேய்மானம் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை என்றார்கள். மாத்திரை, களிம்பு, முழங்கால் உறை (knee cap) எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரம் தாங்கியது, ஆனால் போட்ட வாரம் சர்க்கரை ஏறிவிட்டது. பிசியோதெரபிக்கு பத்து நாள் போய் நிறுத்திவிட்டார். தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் மூட்டு வலி குறையும் என்கிறார்கள். பத்து நாளில் எதுவும் தெரியாதுதான், அவரை உட்காரவைத்துப் புரியவைக்காதது என் தப்பு. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட்டோம்.

இப்போது மூட்டு மாற்று சிகிச்சைதான் வழி என்கிறார் மருத்துவர். அம்மா பயந்துபோய் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மூன்றாம் நிலையில் இருந்தவர்கள் யாராவது மூன்று நான்கு மாதம் விடாமல் தொடைப் பயிற்சி செய்து, எடையும் குறைத்து, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடிந்ததா?